கிரீட் தீவின் மேற்குப் பக்கம்: அத்தையோடு போகிறோம், சமரியாவில் நடக்க முடியுமா?

கோவை_சுதா:
அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் கிரீட் தீவுக்குப் போகிறோம். நான், கணவர், அத்தை (கணவரின் அம்மா). ஏதென்ஸிலிருந்து விமானத்தில் தீவின் மேற்கிலுள்ள ஹானியா நகரம். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். பணம் இன்னும் கட்டவில்லை. கையில் இருப்பது ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். சமரியா மலையிடுக்கு, எலஃபோனிசி, பாலோஸ் கடற்கரைகள், க்னோசோஸ் அரண்மனை, இடையில் ஒரு நாள் சாண்டோரினி தீவு என்று கணவர் பட்டியல் போட்டிருக்கிறார். அத்தைக்கு 68 வயது. ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. சமதரையில் எங்களைவிட வேகமாக நடப்பார்; இறக்கம்தான் ஆகாது. மரம், மலை, பழைய கோயில் என்றால் ஆசையாகப் பார்ப்பார். கடற்கரையில் நாள் முழுக்க உட்காரச் சொன்னால் கோபம் வந்துவிடும். மூவரும் சைவம். எனக்கு இருப்பதெல்லாம் சமரியாவில் நடக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. அதை எப்படி நுழைப்பது?

பெர்லின்வாசி:
பட்டியல் போடும்போது உங்கள் வீட்டுக்காரர் வரைபடத்தின் அளவுகோலைப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. கிரீட் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர். ஹானியாவிலிருந்து ஹெராக்லியோன் மட்டுமே 140 கிலோமீட்டர். க்னோசோஸ் அதற்கும் அப்பால். சாண்டோரினிக்குப் படகுகள் பெரும்பாலும் ஹெராக்லியோனிலிருந்துதான் கிளம்புகின்றன. ஹானியாவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் சாண்டோரினி போய்வருவது என்றால், பார்ப்பதைவிடக் காத்திருப்பதே அதிகமாக இருக்கும். இரண்டையும் அடித்துவிடுங்கள். மீதி எல்லாம் தீவின் மேற்கு மூலையில்தான் இருக்கிறது. அதிலேயே ஒரு வாரம் போதாது.

மலைநடையன்:
சுதா அவர்களுக்கு, சமரியாவைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். இங்கே அடிக்கடி அரைகுறையாகப் பதில் சொல்லிப் பலரை அனுப்பிவிடுகிறார்கள்.

மொத்தம் 16 கிலோமீட்டர். ஓமலோஸ் மேட்டுநிலத்தின் விளிம்பில், க்சிலோஸ்கலோ என்ற இடத்தில், ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கித் தெற்கே லிபியக் கடலில் முடிகிறது. அதில் 13 கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்குள். கடைசி 3 கிலோமீட்டர் அயியா ரூமெலி கிராமத்துக்குப் போகும் வெயில் பாதை. இறக்கம்தானே, எளிது என்று நினைப்பவர்களின் முழங்கால்கள் மறுநாள் பதில் சொல்லும். தொடக்கத்தில் வளைந்து வளைந்து இறங்கும் கல்படிகள், ஓரத்தில் மரக் கைப்பிடி. முதல் 4 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ பாதி உயரத்தை இழந்துவிடுவீர்கள். அங்கே பெரிய சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே புனித நிக்கோலாஸ் தேவாலயம் ஒன்று இருக்கிறது, சின்னது. இறங்கும் வழியில் கிங்கிலோஸ் மலையின் செங்குத்துப் பாறை தெரியும். மேல்பகுதியில் ஊற்றுத் தண்ணீர் குழாய்கள் உண்டு. ஒரு புட்டி போதும், நிரப்பிக்கொண்டே போகலாம்.

பாதி வழியில் பழைய சமரியா கிராமம். 1962-இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது அங்கிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் என்பதால் கிரிகிரி என்ற காட்டாடுகள் கூச்சமில்லாமல் பக்கத்தில் வரும். ஒரு காலத்தில் வேட்டையாடி ஏறக்குறைய முடித்துவிட்ட இனம். பூங்கா வந்ததற்கு அவற்றைக் காப்பதும் ஒரு காரணம். ரொட்டி போடாதீர்கள். அழகாகக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அப்போதும் போடாதீர்கள்.

அதற்குக் கீழேதான் எல்லோரும் படம் எடுக்கும் 'இரும்புக் கதவுகள்'. இரண்டு பக்கமும் ஏறத்தாழ 300 மீட்டர் பாறைச்சுவர், நடுவே 4 மீட்டர்கூட இல்லாத வழி. ஓடை குறுக்கே ஓடுகிறது, பலகைப் பாலங்கள் போட்டிருக்கிறார்கள். கல் விழும் இடம் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கும் பகுதிகளில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நுழைவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளியேறும்போது கேட்பார்கள், உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று கணக்குப் பார்ப்பதற்காக. இரவில் உள்ளே தங்க அனுமதி இல்லை. மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பு. மழை என்றாலும் கடும் வெப்பம் என்றாலும் மூடிவிடுவார்கள்.

அத்தைக்கு இது ஆகாது. ஒரே வார்த்தையில் சொல்கிறேன், மன்னிக்கவும்.

சோம்பேறிப்_பயணி:
மலைநடையன் ஐயாவின் பதிவைப் படித்ததற்கே கால் வலிக்கிறது.

நான் வேறு வழி சொல்கிறேன். படகில் அயியா ரூமெலிக்குப் போங்கள். அங்கிருந்து மேல்நோக்கி நடந்தால் இரும்புக் கதவுகளை ஒன்றரை மணி நேரத்தில் தொட்டுவிடலாம். பார்த்துவிட்டுத் திரும்பிக் கடலில் குளியல். 16 கிலோமீட்டர் நடந்தவர்கள் மாலையில் நொண்டிக்கொண்டு வந்து அதே கடையில் அதே எலுமிச்சைச் சாற்றைக் குடிப்பார்கள். நான் அதற்குள் இரண்டாவது தட்டில் இருப்பேன்.

மலைநடையன்:
நண்பர் சொல்வது இரும்புக் கதவுகளைப் பார்க்கும் வழி. சமரியாவைப் பார்க்கும் வழி அல்ல. மேலே சைப்ரஸ் காடு, நடுவே பிளேன் மரங்கள், ஓடை தரைக்குள் புகுந்து மறைந்து பிறகு வேறொரு இடத்தில் பொங்கி வருவது, உயரம் குறையக் குறையக் காற்றின் வாசனை மாறுவது, இதெல்லாம் கீழே ஒன்றரை மணி நேர நடையில் கிடைக்காது. சுதா ஆசைப்படுவது நடக்கத்தானே?

கல்லும்_கடலும்:
இருவரும் சண்டை போடும் இடம் எப்படி உருவானது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

கிரீட்டுக்குத் தெற்கே ஆப்பிரிக்கத் தட்டு ஏஜியன் தட்டுக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அதனால் தீவு மெல்ல உயர்கிறது. உயர உயர, மழைநீர் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டே கீழே போகிறது. தெற்குக் கரையில் வரிசையாக இத்தனை மலையிடுக்குகள் இருப்பதற்கு இதுவே காரணம்.

சில சமயம் மெல்ல அல்ல, திடீரென்று உயர்வதும் உண்டு. கி.பி. 365 ஜூலை 21 அன்று வந்த நிலநடுக்கத்தில் தீவின் மேற்கு முனை ஒரேயடியாக 9 மீட்டர் வரை மேலே தூக்கப்பட்டது. அதில் எழுந்த ஆழிப்பேரலை எகிப்தின் அலெக்சாண்ட்ரியா வரை போய் அழித்தது. இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. அயியா ரூமெலியிலிருந்து மேற்கே சூயா பக்கம் படகில் போகும்போது கரைப்பாறைகளைப் பாருங்கள். கடல்மட்டத்துக்குப் பல மீட்டர் மேலே, யாரோ நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல ஒரு கரும்பட்டை கிடைமட்டமாக ஓடும். பழைய கடல்மட்டம் அது. கரையிறங்கி அந்தப் பட்டை உள்ள பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு வட்டவட்டமான துளைகள் இருக்கும். கல்லைத் துளைத்து உள்ளே வாழும் ஒருவகைச் சிப்பியின் வேலை. கடலுக்குள் இருக்க வேண்டிய சிப்பிவீடு இப்போது உங்கள் தலைக்கு மேலே.

வடமேற்கில் ஃபலசர்ணா என்று ஒரு பழைய துறைமுக நகரம். கப்பல்கள் வந்து நின்ற துறை இன்று கரையில், ஆலிவ் மரங்களுக்குப் பக்கத்தில், காய்ந்து கிடக்கிறது. எல்லோரும் அங்கே சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிறார்கள். நூறு தப்படி தள்ளி உள்ள துறைமுகத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

கோவை_சுதா:
இவ்வளவு சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. கணவரிடம் காட்டினேன். சாண்டோரினி போய்விட்டது, க்னோசோஸுக்கு ஒரு பெருமூச்சு. எலஃபோனிசி, பாலோஸ் இரண்டையும் விடமாட்டேன் என்கிறார். இந்தியாவிலிருந்து பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார், கார் எடுக்கலாம் என்று எண்ணம். சமரியாவுக்கு நான் நடந்து, அவர்கள் இருவரும் படகில் வந்து, கீழே சந்திக்க முடியுமா? அயியா ரூமெலிக்குக் கார் போகாதா?

வண்டிச்சக்கரம்:
அயியா ரூமெலிக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் படகு.

பாலோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கலிவியானி கிராமத்தைத் தாண்டியதும் 8 கிலோமீட்டர் மண்சாலை. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் கடல், எதிரே வருபவருக்கு ஒதுங்க இடம் தேட வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் 'முழுக் காப்பீடு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். மண்சாலையில் சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். எங்களுக்குக் கார் கொடுத்த நிறுவனம் சக்கரத்தில் விழுந்த ஒரு வெட்டைக் காட்டிப் புதுச் சக்கரத்தின் விலையை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டது. சாலையைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தோடு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரைக்குக் கல்பாதையில் இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். அத்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகு இருக்கிறது. வழியில் கிரம்வூசா தீவில் நிற்கும். வெனிஸ்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டில் 137 மீட்டர் உயரப் பாறை உச்சியில் கட்டிய கோட்டை. பிறகு 1820-களில் கடற்கொள்ளையர்கள் குடும்பத்தோடு குடியிருந்து பள்ளிக்கூடம்கூட நடத்தினார்கள். மேலிருந்து பார்த்தால் பாலோஸ் முழுவதும் தெரியும்: ஒரு கடலுக்குள் நாலைந்து நிறம். அத்தை படகுத்துறை நிழலில் இருக்க, நீங்கள் மட்டும் ஏறலாம்.

கல்லும்_கடலும்:
எலஃபோனிசி பற்றி ஒன்றிரண்டு. மணலில் இளஞ்சிவப்பு எங்கும் இருக்காது. அலை வந்து திரும்பும் விளிம்பில் கோடாக இருக்கும். ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் சிவந்த ஓடுகள் பொடிந்து கலந்ததால் வரும் நிறம். இணையப் படங்களில் கடற்கரை முழுக்க ரோஜாப்பூ நிறத்தில் இருந்தால் அது கணினியின் கைவேலை. மணலை அள்ளிக்கொண்டு போவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஒரு கைப்பிடிகூட வேண்டாம்.

கரைக்கும் தீவுக்கும் நடுவே முழங்கால் ஆழம். நடந்தே போகலாம். பலர் கரையில் குடை வாடகைக்கு எடுத்துப் படுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவின் மறுகோடிவரை நடந்தால் கூட்டம் கரைந்துவிடும். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1824-இல் ஈஸ்டர் நாளில், இந்தத் தீவில் ஒளிந்திருந்த பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோரை ஓட்டோமான் படை கொன்றது. பக்கத்திலேயே குளியல் உடையோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லாமல் தெரியாதுதானே.

திரும்பும் வழியில் கிறிசோஸ்கலிட்டிசா மடம். கடலுக்கு மேல் பாறையில் வெள்ளைக் கட்டடம். 98 படிகள், அதில் ஒன்று பொன் என்றும் பாவம் செய்யாதவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்றும் கதை. ஏறும் படிதான், கைப்பிடியும் உண்டு, ஆனால் இறங்கவும் வேண்டுமே. அத்தையே முடிவு செய்யட்டும்.

இலைச்சோறு:
யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லையே! கிரீட்டில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. டாக்கோஸ் கேளுங்கள்: பார்லி ரொட்டியை ரஸ்க் மாதிரி காயவைத்து, மேலே துருவிய தக்காளி, மிசித்ரா பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், ஓரிகானோ. ரொட்டி தக்காளிச் சாற்றில் ஊறி ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக இருக்கும் நேரத்தில் சாப்பிட வேண்டும். ஹானியாப் பக்கத்துச் சிறப்பு பூரேக்கி. உருளைக்கிழங்கு, சீமைச் சுரைக்காய், மிசித்ரா, புதினா அடுக்கிச் சுட்டது. ஹோர்டா என்றால் வேகவைத்த காட்டுக்கீரை, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். அத்தைக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். தெற்குக் கரையிலுள்ள ஸ்ஃபக்கியா வட்டாரத்தில் மெல்லிய ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்து வாட்டி மேலே தேன் ஊற்றும் பிட்டாவை விட்டுவிட்டு வராதீர்கள்.

இறைச்சி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. கோழி, மீன், இறைச்சிச் சாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அரிசி அடைத்த தக்காளியில்கூடச் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் கேட்காமலே ரக்கி என்ற சாராயம் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும், பழத்தோடு. பழத்தை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெர்லின்வாசி:
சுதா, கீழே சந்திப்பது தாராளமாக முடியும். ஆனால் அன்றே ஹானியா திரும்பாதீர்கள். இத்தனை பேர் பதில் சொல்லியும் இது வரவில்லை என்பது எனக்கு வியப்பு.

நடைமுறை இதுதான். ஹானியாவிலிருந்து விடிகாலைப் பஸ்ஸில் நீங்கள் ஓமலோஸ். கணவரும் அத்தையும் இன்னொரு பஸ்ஸில் தெற்குக் கரையிலுள்ள ஹோரா ஸ்ஃபக்கியோன். அங்கிருந்து படகு, வழியில் லூட்ரோவில் நின்று, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அயியா ரூமெலி. முன்பக்கம் பாலம்போல் இறங்கும் கார்ப்படகுதான், ஏணி ஏற வேண்டியதில்லை. கார் வேண்டாம், ஓமலோஸில் விட்ட காரை எடுக்க மறுபடி மலையேற வேண்டியிருக்கும்.

நீங்கள் பிற்பகலில் வந்து சேர்வீர்கள். மாலைப் படகு அன்றைய நடையாளர் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். நீங்கள் மூவரும் அங்கேயே அறை எடுத்துத் தங்குங்கள். மறுநாள் காலை, கீழ்வாசல் திறந்ததும், உங்கள் கணவர் இரும்புக் கதவுகள்வரை போய்வரட்டும். மேலிருந்து வருபவர்கள் அந்த இடத்தை அடைய முற்பகல் கடந்துவிடும். அதற்கு முன் அங்கே கூட்டமே இருக்காது. அத்தை விரும்பினால் கிராமத்திலிருந்து பூங்கா வாசல் பக்கம் கொஞ்ச தூரம் வரலாம். அதற்கு மேல் உருளும் கல், வேண்டாம்.

மலைநடையன் ஐயாவும் சோம்பேறி நண்பரும் சண்டையை நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வீட்டில் இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது.

சோம்பேறிப்_பயணி:
நான் சண்டையே போடவில்லை, அதற்கும் உழைப்பு வேண்டும்.

லூட்ரோவில் ஒரு இரவு சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். அதுவும் சாலையில்லாத ஊர். வெள்ளைச் சுவர், நீலச் சன்னல், அரைவட்டக் கடல், அவ்வளவுதான் ஊர். வண்டிச் சத்தமே கிடையாது. அத்தைக்குப் போரடித்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மலைநடையன்:
பெர்லின்வாசி சொன்ன திட்டத்துக்கு என் ஓட்டு. ஒரு திருத்தம்: அந்தக் காலை நேரத்தில் சுதாவும் மறுபடி போகலாம், கால் ஒத்துழைத்தால்.

அத்தைக்காக இரண்டு இடம் சொல்கிறேன். ஹானியாவுக்கு மேற்கே அனோ வூவேஸ் கிராமத்தில் ஒரு ஆலிவ் மரம். குறைந்தது 2,000 ஆண்டு வயது என்கிறார்கள், அதற்கும் மேல் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். உள்மரம் உளுத்துப் போய்விட்டதால் சரியான வயதைக் கணக்கிட வழியில்லை. அடிமரத்தின் சுற்றளவு 12 மீட்டருக்கு மேல். முறுக்கிப் பிழிந்த மாதிரி திரண்டு நிற்கிறது, உள்ளே ஆள் நுழையும் பொந்து. இன்றும் காய்க்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெற்றி பெற்றவர்களின் மாலைக்கு இதன் கிளைகளையும் வெட்டியிருக்கிறார்கள். கார் மரத்தடிக்கே போகும்.

இரண்டாவது, கூர்னாஸ் ஏரி. கிரீட்டில் இயற்கையான நன்னீர் ஏரி என்று பெயர் சொல்ல இருப்பது இதுதான். மலை அப்படியே தண்ணீரில் இறங்கும். மிதிபடகில் சுற்றினால் ஆமைகள் தலை நீட்டும். கரையோரம் சமதரை.

மலைகளைப் பற்றி ஒரு உபரித் தகவல். ஹானியாவுக்குப் பின்னால் தெரியும் வெண்மலைகளின் உயர்ந்த சிகரம் பாக்னெஸ், 2,453 மீட்டர். தீவின் நடுவே உள்ள இடா மலை 2,456. அந்த 3 மீட்டர் பாக்கியைத் தீர்க்க, ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை உச்சியில் வைத்துவிட்டு வருகிறார்கள் என்று மேற்குப் பக்கத்தார் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

கோவை_சுதா:
அத்தை இழை முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அந்த மரத்துக்குப் போகிறோம், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்" என்று தீர்ப்பு. ஹானியா விடுதியை முதல் பாதிக்கு மட்டும் பதிவு செய்கிறேன். வூவேஸ், கூர்னாஸ், எலஃபோனிசி அப்போது. பிறகு காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சமரியா, அயியா ரூமெலி, லூட்ரோ. பாலோஸ் படகுக்கு நாள் இருந்தால் பார்க்கலாம் என்று கணவரைச் சமாதானப்படுத்தியாயிற்று. ஒரே பயம்: கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால்? லூட்ரோவிலிருந்து நேரே விமானம் பிடிக்க நினைத்திருந்தோம்.

பெர்லின்வாசி:
அப்படிச் செய்யாதீர்கள். காற்று பலமாக இருந்தால் தெற்குக் கரைப் படகுகளை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் ஒரு நாள் முழுக்க. லூட்ரோவிலிருந்தாவது ஹோரா ஸ்ஃபக்கியோனுக்குக் கரையோர நடைபாதை உண்டு, பாறைச்சரிவில் குறுகலாகப் போகும்; அத்தையோடு அது ஆகாது. அயியா ரூமெலி என்றால் அதுகூட எளிதல்ல. கடைசி இரவை ஹானியாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமரியாவுக்கு முந்தின மாலை, மலையிடுக்கு திறந்திருக்கிறதா, மறுநாள் படகு ஓடுகிறதா என்று இரண்டையும் விடுதியில் கேட்டுவிட்டுப் பஸ் டிக்கெட் எடுங்கள். மழை வந்து மூடிவிட்டால் இம்ப்ரோஸ் மலையிடுக்கைப் பற்றிக் கேளுங்கள். 8 கிலோமீட்டர்தான், மழை விட்ட மறுநாள் பெரும்பாலும் நடக்கலாம், இறங்கி முடியும் இடமும் ஹோரா ஸ்ஃபக்கியோனுக்குப் பக்கம்.

வண்டிச்சக்கரம்:
காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நான்கு சக்கரத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதும்.